மக்குப் பிள்ளைகளின் வழக்கறிஞர் ஆல்பிரட் பினே

வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. மற்றப் பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் இரண்டாம் வகுப்பிலேயே இருக்கிறான். வாத்தியார் அவனுக்கு 'மக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்.

அவன் உண்மையிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன்தானா? அல்லது காது கேட்பதில் குறையா? கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா? காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறானா? அவன் வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளிக்கூடத்து மொழி வேறொன்றா?

இந்தக் கேள்விகளைப் பாரீஸ் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் நின்று கேட்டவர் ஒருவர். அவற்றுக்கு விடை காண ஒரு வழியையும் வகுத்துக் கொடுத்தார். அவர்தான் ஆல்பிரட் பினே. இன்று படித்தவர்கள் வாயில் அடிக்கடி வரும் 'ஐ.கியூ.' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அவருடைய உழைப்பு. ஆனால் அந்தச் சொல்லை அவர் உண்டாக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் செய்த கருவி, அவர் மறைந்த பிறகு ஏழைப் பிள்ளைகளையே பதம் பார்த்தது. அவர் கதையின் சோகம் அதுதான்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1857-ம் ஆண்டு ஜூலை மாதம், மத்திய தரைக் கடல் ஓரத்தில் உள்ள நீஸ் நகரில் பினே பிறந்தார். அப்போது அந்த ஊர் பிரான்சில் சேரவில்லை. சார்டீனிய அரசின் கீழ் இருந்தது. 1860-ல்தான் பிரான்சுடன் இணைந்தது.

தந்தை டாக்டர். தாய் ஓவியம் தீட்டுவதில் ஈடுபாடு உள்ளவர். இருவருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள். ஒரே பிள்ளையான ஆல்பிரட் தாயிடம் வளர்ந்தார். பதினைந்தாவது வயதளவில் தாயுடன் பாரீஸ் வந்து, பேர் பெற்ற லூயி லெ கிராண்ட் பள்ளியில் படித்தார்.

முதலில் அவர் சட்டம் படித்தார். 1878-ல் பட்டமும் வாங்கினார். ஆனால் கோர்ட்டுப் படி ஏறவில்லை. அடுத்து வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அதையும் பாதியில் விட்டுவிட்டார்.

அதன் பிறகு பாரீசில் உள்ள தேசிய நூலகமே அவருக்குக் கல்லூரி ஆயிற்று. மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார். மனோதத்துவத்தில் அவருக்குக் குரு என்று யாரும் கிடையாது.

முதல் தோல்வி

1883 வாக்கில், பாரீசில் உள்ள சல்பேத்ரியே ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷார்கோவிடம் பினே போய்ச் சேர்ந்தார். நரம்பு நோய் நிபுணர் என்று ஐரோப்பா முழுவதும் ஷார்கோவின் பெயர் பரவியிருந்த காலம் அது. அங்கே ஹிப்னாடிச ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பினே சம்பளம் இல்லாமலே ஏழு ஆண்டுகள் அதில் ஈடுபட்டார்.

உடம்பின் ஒரு பக்கத்தில் உள்ள முடக்கத்தை, காந்தத்தைக் காட்டி மறுபக்கத்துக்கு மாற்ற முடியும் என்று அவரும் அவருடைய நண்பர் ஃபேரேயும் எழுதினார்கள். பெல்ஜியத்திலிருந்து டெல்பூஃப் என்ற பேராசிரியர் நேரில் வந்து பார்த்தார். டாக்டர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது நோயாளிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அதன்படியே அவள் நடந்துகொள்கிறாள் என்று அவர் அம்பலப்படுத்தினார். காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பினே தம் தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரிய அவமானம்தான். ஆனால் அதில் கற்ற பாடத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை. சோதிக்கிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ, அதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். இது ஆஸ்பத்திரிக்கு மட்டும் அல்ல, பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும் என்பதைப் பின்னால் அவர் கண்டார்.

வீட்டிலேயே ஆராய்ச்சி

1884-ல் பினே திருமணம் செய்துகொண்டார். மனைவி லோர், உயிரியல் அறிஞர் பல்பியானியின் மகள். மதலேன், அலீஸ் என்று இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

அந்தக் குழந்தைகள் விளையாடுவதையும் பேசுவதையும் யோசிப்பதையும் பினே கவனித்து எழுதி வைத்தார். சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். கத்தி என்றால் என்ன என்று கேட்டால், குழந்தை அதன் வடிவத்தைச் சொல்வதில்லை, அது எதற்கு உதவும் என்பதைத்தான் சொல்கிறது என்று கண்டார். மூத்தவள் நிதானக்காரி. இளையவள் கற்பனையில் மிதப்பவள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பெற்றோர். ஆனாலும் இரண்டு பேர் யோசிக்கும் விதமும் வேறு வேறு. பிள்ளைகளை ஒரே அச்சில் வார்க்க முடியாது என்பதை அவர் தம் வீட்டுக் கூடத்திலேயே தெரிந்துகொண்டார்.

1891-ல் ரூவான் நகர ரெயில் நிலையத்தில், சோர்போன் பல்கலைக்கழக மனோதத்துவ ஆய்வுக்கூடத்தின் தலைவர் போனி என்பவரை அவர் சந்தித்தார். ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்டார். கிடைத்தது, ஆனால் சம்பளம் கிடையாது. 1894-ல் அதே ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். 1895-ல் ஒரு மனோதத்துவ ஆண்டிதழையும் தொடங்கினார். பாரீசில் பேராசிரியர் பதவிக்கு முயன்றும் கடைசி வரை அது அவருக்குக் கிட்டவில்லை.

ஆடு மேய்த்த கணித மேதை

அந்த நாளில் ழாக் இனோதி என்ற இளைஞர் மேடைகளில் பெரிய பெரிய கணக்குகளை மனத்திலேயே போட்டுக் காட்டி எல்லோரையும் வியக்க வைத்தார். பினே அவரைச் சோதித்து, 1894-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார்.

இனோதி இத்தாலிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் ஆடு மேய்த்தவர். வாலிப வயது வரை அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. பள்ளிப் படிப்பு வேறு, அறிவு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தலையை அளந்தார்

பெரிய தலையில் பெரிய அறிவு இருக்கும் என்பது அக்காலத்துப் பண்டிதர்கள் பலரின் நம்பிக்கை. பினேயும் முதலில் அதை நம்பினார். பள்ளிக்கூடங்களுக்குப் போய், ஆசிரியர்கள் கெட்டிக்காரர் என்று காட்டிய பிள்ளைகள், மந்தம் என்று காட்டிய பிள்ளைகள் ஆகிய இரு தரப்பாரின் தலைகளையும் அளந்தார்.

கிடைத்த வித்தியாசம் மில்லி மீட்டர் கணக்கில்தான் இருந்தது. அவ்வளவு சிறிய வித்தியாசத்தை வைத்து எந்தப் பிள்ளையையும் எடைபோட முடியாது.

அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர் கண்டார். இவன் மந்தம் என்று முன்பே தெரிந்துகொண்டு அளந்தால், அளக்கிற கையே கொஞ்சம் சறுக்குகிறது. தம் கையின் மீதே அவருக்குச் சந்தேகம் வந்தது. பழைய காந்தப் பாடம் திரும்ப நினைவுக்கு வந்தது. தலையை அளக்கும் வேலையை விட்டுவிட்டார்.

எல்லோருக்கும் பள்ளி

பிரான்சில் 1881-ம் ஆண்டுச் சட்டம் ஆரம்பக் கல்வியை இலவசம் ஆக்கியது. 1882-ம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 13 வயது வரை கல்வியைக் கட்டாயம் ஆக்கியது. கூலிக்காரர் பிள்ளை, கைவண்டி இழுப்பவர் பிள்ளை, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் பிள்ளை என்று எல்லோரும் பள்ளிக்கூடம் வந்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே வேகத்தில் படிக்கவில்லை. பின்தங்கியவர்களை என்ன செய்வது?

1904-ல் பிரெஞ்சு அரசு இதற்காக ஒரு கமிஷன் அமைத்தது. பினே அதில் ஒரு அங்கத்தினர். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் வேண்டும் என்பது பேச்சு. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

அந்த இடத்தில்தான் பினேக்குள் இருந்த வழக்கறிஞர் விழித்துக்கொண்டார்.

வாத்தியார் சொல்வதை மட்டும் நம்பலாமா? தொல்லை தரும் பையனை வகுப்பை விட்டுத் தள்ளிவிட அவருக்கு ஆசை இருக்கலாம். தனிப் பள்ளி நடத்துகிறவர் சொல்வதை நம்பலாமா? தம் பள்ளியில் இடம் நிரம்ப வேண்டுமே என்ற கவலை அவருக்கு உண்டு. பெற்றோர் சொல்வதிலும் அன்போ அவமானமோ கலந்திருக்கும். டாக்டர்களோ, ஒரே பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

தனி வகுப்பு என்று ஒரு பிள்ளையின் மீது முத்திரை விழுந்தால், அது ஆயுள் முழுவதும் கூடவே வரும் என்பது பினேயின் கவலை. ஆகவே முறையான பரிசோதனை இல்லாமல் எந்தப் பிள்ளையையும் பொதுப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று அவர் வாதாடினார்.

தீக்குச்சி முதல் சில்லறை வரை

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விடுதியில் வேலை பார்த்த தியோடர் சிமோன் என்ற இளம் டாக்டர் பினேயோடு சேர்ந்தார். இருவரும் 1905-ல் 30 சோதனைகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டார்கள்.

முதல் சோதனை மிக எளியது. எரியும் தீக்குச்சியைக் கண் முன்னே நகர்த்தினால் குழந்தையின் பார்வை அதன் பின்னே போகிறதா? பிறகு படத்தில் உள்ள பொருள்களுக்குப் பெயர் சொல்லுதல், சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லுதல், இரண்டு எடைகளில் எது கனம் என்று கண்டுபிடித்தல் என்று படிப்படியாகக் கடினமாகிப் போகும்.

1908-ல் சோதனைகளை வயது வாரியாகப் பிரித்தார்கள். மூன்று வயதுக் குழந்தை மூக்கையும் வாயையும் காட்ட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை காசுக்குச் சரியாகச் சில்லறை தர வேண்டும். எட்டு வயதுப் பையன் ஆறு வயதுச் சோதனை வரைதான் தேறினான் என்றால், இரண்டு ஆண்டு பின்தங்கி இருக்கிறான் என்று பொருள்.

ஆனால் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது என்பது பினேயின் கண்டிப்பு. பையன் பள்ளிக்கு ஒழுங்காக வந்தானா என்று வருகைப் பதிவைப் பார்க்க வேண்டும். கண் பார்வையைச் சோதிக்க வேண்டும். பள்ளிகளில் ஆசிரியர்களே பார்வையைச் சோதிக்க ஒரு முறையையும் அவர் வகுத்துத் தந்தார். மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குத் தேவைப்பட்டது மூக்குக் கண்ணாடியாகவும் இருக்கலாம் அல்லவா?

கூலிக்காரர் தெருவில் ஆய்வுக்கூடம்

பாரீசின் பத்தாவது வட்டாரத்தில் கிராஞ்ச் ஓ பெல் தெரு இருக்கிறது. உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. அங்கிருந்த ஆரம்பப் பள்ளியில், தலைமை ஆசிரியர் வானே என்பவரின் உதவியோடு 1905-ல் பினே ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார். அவருடைய பெரிய வேலைகள் பல நடந்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, இந்தத் தெருவில்தான்.

வீட்டின் வறுமைக்கும் பிள்ளையின் உடல் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று பினேயும் சிமோனும் ஆராய்ந்து 1906-ல் எழுதினார்கள்.

இதற்குள் பெல்ஜியத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. புரூசெல்ஸ் நகரில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தனியார் பள்ளியில், டாக்டர் டெக்ரோலி என்பவர் இதே சோதனைகளை நடத்தி 1910-ல் முடிவை வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் பாரீஸ் பிள்ளைகளைவிடக் கணிசமாக முன்னே இருந்தார்கள்.

இன்னொருவராக இருந்தால், பணக்காரப் பிள்ளைகளுக்கு மூளை அதிகம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். பினே வேறு விதமாகப் பார்த்தார். வசதியுள்ள பிள்ளைகள் எந்தெந்தச் சோதனையில் முந்துகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார். பேச்சு சம்பந்தமான சோதனைகளில்தான் அவர்கள் மிகவும் முந்தினார்கள். பெரியவர்கள் உட்கார வைத்துப் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்குச் சொற்கள் தாமாக வருகின்றன. பொழுது விடிந்தால் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய் தகப்பனுக்கு அப்படிப் பேச நேரம் ஏது?

1911-ல் சோதனைகளைத் திருத்தியபோது, எழுத்தும் படிப்பும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்று இருந்த சோதனைகளை அவர் நீக்கிவிட்டார்.

அறிவு வளரும்

பின்தங்கிய பிள்ளை எப்போதும் பின்தங்கியே இருப்பான் என்ற பேச்சைக் கேட்டால் பினேக்குக் கோபம் வரும். 1909-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். நிலத்தைப் பண்படுத்தினால் விளைச்சல் கூடுவதுபோல், பிள்ளையின் கவனத்தையும் நினைவாற்றலையும் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பது அவர் கட்சி.

கை கால் வளைந்தவர்களுக்கு உடற்பயிற்சி இருப்பதுபோல் மனத்துக்கும் பயிற்சி வகுத்தார். பிள்ளைகள் சிலை போல அசையாமல் நிற்க வேண்டும். பலகையில் ஒட்டிய பொருள்களை ஒரு சில விநாடி பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. ஆனால் உட்காரவே முடியாதவன் உட்காரப் பழகினான். கவனிக்கத் தெரியாதவன் கவனிக்கப் பழகினான்.

1909 ஏப்ரலில், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் அமைக்கும் சட்டம் பிரான்சில் வந்தது.

இத்தனைக்கும் நடுவே, லோர்ட் என்ற நாடக ஆசிரியருடன் சேர்ந்து பினே திகில் நாடகங்களும் எழுதினார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்!

1911 அக்டோபர் 18-ல் பாரீசில் அவர் காலமானார். வயது 54. மோன்பர்னாஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கடல் கடந்த கருவி

பினே கண்ணை மூடிய மறு ஆண்டே, ஜெர்மன் அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன் ஒரு யோசனை சொன்னார். பிள்ளையின் மன வயதை அதன் உண்மை வயதால் வகுத்து ஒரே எண்ணாக்கலாம் என்றார். அமெரிக்காவில் டெர்மன் அதை நூறால் பெருக்கி, 1916-ல் புதிய சோதனை வரிசை ஒன்றை வெளியிட்டார். எட்டு வயதுப் பையன் ஆறு வயது அளவில் இருந்தால் 75. இதுதான் ஐ.கியூ. இன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும் என்று பினே கேட்டார். அது போய், பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் எண் வந்துவிட்டது. இது பினேயின் நோக்கத்துக்குச் செய்த துரோகம் என்று பிற்காலத்தில் சிமோன் கருதினார்.

அமெரிக்காவுக்குப் பினேயின் சோதனையைக் கொண்டுபோனவர் காடர்ட். 1913-ல் அவருடைய உதவியாளர்கள் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் நின்று, கப்பலில் மூன்றாம் வகுப்பில் வந்து இறங்கிய ஏழைகளைச் சோதித்தார்கள். புது ஊர், புரியாத மொழி, பல நாள் பயணக் களைப்பு, நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர். சோதித்தவர்களில் பெரும்பாலோர் அறிவு குன்றியவர்கள் என்று 1917-ல் காடர்ட் எழுதினார்! பிழைப்புத் தேடி வெளியூர் போன எவருக்கும் அந்தத் துறைமுகக் காட்சி புரியும். தம் பழைய கருத்துகள் பலவற்றில் தவறு இருந்ததை 1928-ல் காடர்டே ஒப்புக்கொண்டார்.

மெக்சிகோக்காரர், செவ்விந்தியர், நீக்ரோக்கள் ஆகியோரின் பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் பிரித்து வைக்க வேண்டும் என்று டெர்மன் 1916-லேயே எழுதியிருந்தார். கடைசியில் அப்படித்தான் நடந்தது.

கோர்ட்டுக்கு வந்த வழக்கு

கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஒன்பது பிள்ளைகளின் சார்பில் வழக்கு வந்தது. அவர்களை ஸ்பானிஷ் மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். இனி வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று 1970-ல் உடன்பாடு ஏற்பட்டது.

அடுத்து கறுப்பினப் பிள்ளைகளின் வழக்கு. அந்த மாநிலத்து மாணவர்களில் கறுப்பினத்தார் சுமார் 10 சதவீதம். மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளிலோ சுமார் 25 சதவீதம். கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புகளில் சேர்க்க ஐ.கியூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979-ல் நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்தார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளை அளவுக்கு மீறி அத்தகைய பள்ளிகளில் தள்ளுகிறார்கள் என்று பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் 1971-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். பெரிய பரபரப்பு உண்டாயிற்று.

நம் நாட்டில்

பினேயின் சோதனை இந்தியாவுக்கும் வந்தது. 1920-களில் லாகூரில் ரைஸ் என்பவர் அதை இந்துஸ்தானிக்கு மாற்றினார். 1930-களில் பம்பாய் மாகாணத்தில் காமத் என்பவர் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அமைத்தார். பினே-காமத் சோதனை என்ற பெயரில் அது இந்திய ஆஸ்பத்திரிகளில் சான்றிதழ் வழங்கப் பயன்பட்டு வந்திருக்கிறது.

நம் ஊர்களில் இந்தப் பிரச்சினைக்கு இரண்டு முகம் உண்டு. உதவி தேவையில்லாத ஏழைப் பிள்ளை மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு படிப்பை நிறுத்துகிறது. உண்மையிலேயே உதவி தேவைப்படும் ஏழைப் பிள்ளையோ யார் கண்ணிலும் படுவதில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் இட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் கணக்கிலும் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. சலுகை உண்டு. ஆனால் அது இருப்பது தெரிந்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் அலைய ஒரு நாள் லீவு போட முடிந்தவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கிறது.

பினே பெரிய பதவி வகிக்கவில்லை. சட்டம் படித்தும் கோர்ட்டில் ஒரு வழக்குக்கூட நடத்தவில்லை. ஆனால் தமக்காகப் பேசத் தெரியாத கட்சிக்காரர்கள் அவருக்கு ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எல்லோரும் கடைசி பெஞ்சுக்காரர்கள். கண்ணைப் பார், காதைப் பார், வயிற்றைப் பார், வீட்டு மொழியைப் பார், அதன் பிறகு தீர்ப்புச் சொல் என்பதே அவர்களுக்காக அவர் நடத்திய வழக்கு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.